இங்கிலீஷ் லேங்குவேஜ் லேர்னர்ஸ்: வேலையில் ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கு நல்ல இடம்

ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி பதில் தளங்களின் குடும்பத்தில் இங்கிலீஷ் லேங்குவேஜ் லேர்னர்ஸ் என்று ஒரு தளம் இருக்கிறது, 2013-லிருந்து ஓடுகிறது, காசு கிடையாது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தெரிந்திருக்கும், அதே அமைப்பு, அதே ஓட்டு, அதே கறார். ஆங்கிலத்தைப் பிறகு கற்றுக்கொண்ட நம்மைப் போன்றவர்கள் கேட்பதற்கென்றே வைத்தது. இங்கிலீஷ் லேங்குவேஜ் அண்ட் யூசேஜ் என்று பக்கத்திலேயே இன்னொன்று உண்டு, அது மொழியை ஆராய்கிறவர்களுக்கு, பெயரைப் பார்த்துக் குழம்பி அங்கே போய்விடாதீர்கள்.

நான் ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டேயில் புக்கிங் பார்க்கிறேன், வீடு சேலம் அஸ்தம்பட்டியில், பஸ்ஸில் ஏறி இறங்கும் பிழைப்பு. பெங்களூர்க்காரர்கள், மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோர், அப்புறம் எப்போதாவது வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். நேரில் பேசும்போது கையும் சிரிப்பும் சேர்ந்து சமாளித்துவிடும். மெசேஜில் அது நடக்காது.

எங்கள் ரிசப்ஷன் தம்பி ஒரு குடும்பத்துக்கு 'யூ மஸ்ட் கம் பிஃபோர் சிக்ஸ்' என்று அனுப்பிவிட்டான். அவன் சொல்ல வந்தது அக்கறைதான், மெயின் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, பனிக்காலத்தில் சாயங்காலமே மூடிக்கொள்ளும், புது டிரைவர் இருட்டில் ஏறக்கூடாது. வந்த பதில், இது ஹோம்ஸ்டேயா ஹாஸ்டலா? 'ஆறு மணிக்குள்ள வந்துருங்க' என்று நாம் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதே விஷயத்தை ஆங்கிலத்தில் மரியாதையாக எப்படி எழுதுவது என்று தளத்தில் கேட்டேன், தம்பியின் வாக்கியத்தை அப்படியே கொடுத்து, யாருக்கு எதற்கு அனுப்பியது என்றும் சேர்த்து.

வந்த பதில்களில் ஒன்று இன்னும் எனக்குப் பயன்படுகிறது. இடம் கொடுக்கிறவர் 'மஸ்ட்' போட்டால் அது விதிமுறையாகக் காதில் விழுமாம், அதனால் காரணத்தை முதலில் சொல், இருட்டினால் ரோட்டில் பனி இறங்கும் என்று, அப்புறம் ஆறுக்குள் வருவது நல்லது என்று சொல்லி முடிவை அவர்களிடம் விட்டுவிடு. 'கேன் யூ' என்று கேட்பதைவிட 'குட் யூ' என்று கேட்டால் ஏன் பணிவாகப் படுகிறது என்பதற்கும் விளக்கம் கொடுத்திருந்தார், இறந்தகால வடிவம் போட்டதும் கேட்கிறவர் ஓர் அடி தள்ளி நின்று கேட்பதுபோல ஆகிவிடுகிறதாம். இன்னொருவர் வந்து, அதற்காக 'மஸ்ட்' எல்லா இடத்திலும் கடுமை இல்லை, 'யூ மஸ்ட் ட்ரை அவர் காஃபி' என்று எழுதிப் பார், அது உபசாரம், ஏனென்றால் அதில் லாபம் விருந்தினருக்கு என்றார். பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. இப்போது எங்கள் மெசேஜில் அந்தக் காபி வரி நிரந்தரமாக இருக்கிறது, காபித் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லாமல் எப்படி!

சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் ஒரு நொடியில் எழுதித் தருமே என்று தம்பி கேட்கிறான். தரும், நானும் அவசரத்துக்குப் பயன்படுத்துகிறேன். ஆனால் எழுதி வாங்கினால் மெசேஜ் போகும், மறுநாள் காலை டிபன் மேஜையில் அதே ஆள் எதிரே நின்று கேட்கும்போது வாயில் ஒன்றும் வராது. இங்கே பதில் சொல்கிறவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள், அமெரிக்கர் ஒன்று சொல்வார், பிரிட்டிஷ்காரர் எங்கள் ஊரில் அப்படி இல்லை என்பார், அதைப் படிப்பதுதான் ருசி. 'ஹாஃப் சிக்ஸ்' என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னால் ஆறரை மணி என்று இப்படித்தான் தெரிந்துகொண்டேன். ஜெர்மன்காரர்கள் தங்கள் மொழியில் அதேபோலச் சொன்னால் ஐந்தரையாம், டீ வைக்கிறவருக்கு ஒரு மணி நேர வித்தியாசம்.

இனி கறார் பக்கம். 'இந்தப் பத்தியைத் திருத்திக் கொடுங்கள்' என்று கேட்டால் யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியை மூடிவிடுவார்கள். எந்த இடத்தில் சந்தேகம், அகராதியில் என்ன பார்த்தாய், வாக்கியம் எங்கிருந்து வந்தது, எல்லாம் சொல்ல வேண்டும். நம் கேள்வியோ பதிலோ நன்றாக இருந்தால் மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள், அதில் நமக்குப் புள்ளி சேரும்; புதிதாகச் சேர்ந்தவர் தானும் ஓட்டுப் போட 15 புள்ளி சேர்க்கணும், அடுத்தவர் பதிவில் கருத்து எழுத 50 வேண்டும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் கேள்வியை அவர்கள் கேட்கிற மாதிரி எழுதி முடிப்பதற்குள் பாதி நேரம் பதில் நமக்கே தெரிந்துவிடுகிறது, அதனால் இந்தக் கெடுபிடி எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

பேச்சுக்கு இது துளியும் உதவாது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆள் வேண்டும். ஐந்து ரோடு பக்கம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் என் தங்கை சேர்ந்தாள், பெயர் வேண்டாம், அங்கே எல்லாருக்கும் ஒரே சுய அறிமுகத்தை மனப்பாடம் செய்ய வைத்து, லீ பஜாரில் கணக்கு எழுதும் எங்கள் அப்பாவை விவசாயி ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பதில் லீவு நாளில் மேலே வா, விருந்தினருக்கு வழி சொல், லேடீஸ் சீட் வியூ பாயின்ட்டுக்கு எப்படிப் போவது, சேர்வராயன் கோயிலுக்கு ஆட்டோ கிடைக்குமா என்று கேட்பார்கள், அதுபோதும் என்று கூப்பிட்டேன். வருகிறாள். வழி சொல்லும்போது யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

யாருக்கு ஒத்துவரும் என்றால், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடையில் வெளியூர் ஆர்டருக்கு மெயில் போடுகிறவர், கஸ்டமர் சப்போர்ட்டில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், இப்படி வேலையில் தினமும் ஒரு வாக்கியமாவது ஆங்கிலத்தில் சிக்குகிறவர்களுக்கு. கேட்பதற்கு அப்படி ஒரு வாக்கியம் கையில் இல்லாதவர் போனால் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பலாம். அடிப்படையிலிருந்து தொடங்குகிறவர்களுக்கும் இல்லை, கேள்வியையே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பிரவுசரில் திறந்தால் போதும், கணக்குத் தொடங்காமலே பழைய பதில்களைப் படிக்கலாம், கேட்கும் முன் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் யாராவது கேட்டிருப்பார்கள். அப்புறம் வாட்ஸப் மெசேஜை அப்படியே ஒட்டும்போது வாடிக்கையாளர் பெயர், போன் நம்பரை எடுத்துவிடுங்கள். அங்கே எழுதுவதெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போய்விடும், யார் வேண்டுமானாலும் எடுத்து வேறு இடத்தில் போடலாம்.