ஆஷ் மரத்த வெட்டுறதா, ஊசி போட்டுக் காப்பாத்துறதா? ஒரு செலவுக் கணக்கு

நாங்க இருக்கிறது அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலம், மில்வாக்கி பக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஆஷ் மரம் நிக்குது, நெஞ்சு உயரத்துல அளந்தா குறுக்களவு 20 இன்ச், ஜூலை மாச மத்தியான வெயில் கிச்சன் பக்கம் விழாம இருக்குன்னா அது அந்த மரம் செய்ற உபகாரம். அஞ்சு வருஷம் முன்னாடி உச்சிக் கிளைல இலை கொஞ்சம் கம்மியான மாதிரி தெரிஞ்சுது, உடனே ரெண்டு கொட்டேஷன் வாங்கினேன். வெட்டி எடுக்க 1,400 டாலர், அடிக்கட்டைய அரைச்சு எடுக்க தனியா 250. மரத்தத் தின்னுற வண்டுப்புழுவக் கொல்ற மருந்த ஊசியா மரத்துக்குள்ள ஏத்த 240 டாலர், ஆனா அத ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ போட்டுக்கிட்டே இருக்கணும். ரெண்டு பேப்பரையும் சாப்பாட்டு மேசைல பக்கத்துல பக்கத்துல வெச்சு ராத்திரி பூரா பாத்துட்டு இருந்தேன். நான் ஒத்த மரத்துக்குப் போட்ட இந்தக் கணக்கத்தான் இங்க நகராட்சிங்க பல்லாயிரக்கணக்கான மரத்துக்குப் போட வேண்டியிருக்கு.

முதல்ல வில்லன் யாருன்னு சொல்லிடறேன். எமரால்டு ஆஷ் போரர்னு ஒரு வண்டு, பச்சைக் கலர்ல மினுக்குன்னு இருக்கும், நீளம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம், பாக்க அவ்ளோ அழகு. வண்டு இலைய லேசாக் கடிக்கும், அதால மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதோட புழுதான் பட்டைக்கு அடில வளைஞ்சு வளைஞ்சு பாதை போட்டுத் தின்னுட்டே போகும், இலைல இருந்து சத்து கீழ இறங்குற வழியே அறுந்துடும், மரம் பட்டினி கிடந்து சாகும். ஆசியாவுல இருந்து மரப்பெட்டியோ, சரக்கு அடுக்குற மரத்தட்டு பேலட்டோ, எதுலயோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு நினைக்கிறாங்க. மிச்சிகன்ல டெட்ராய்ட் பக்கம் இதக் கண்டுபிடிச்சது 2002-ல, ஆனா செத்த மரங்களோட வளையத்த எண்ணிப் பாத்தப்ப 1990-கள்ல முதல் பாதியிலயே வந்து குடியேறிடுச்சுன்னு தெரிஞ்சுது. அதோட மையம் டெட்ராய்ட் பக்கத்துல இருக்கிற கேன்டன். இன்னைக்கு நம்ம தமிழ்க் குடும்பங்க நிறைய இருக்கிற அதே கேன்டன்தான். அத்தன வருஷமா மரம் செத்தத வேற ஏதோ நோய்னு நினைச்சு விட்டுட்டாங்க, அந்தத் தாமதத்துக்கான பில்லுதான் இப்ப 30-க்கு மேற்பட்ட மாநிலங்கள்ல வந்துட்டு இருக்கு.

பில்லு எவ்ளோன்னு கேட்டா, 2010-ல வந்த ஒரு ஆய்வு 2009-ல இருந்து 2019 வரைக்கும் 25 மாநிலங்கள்ல ஊருக்குள்ள இருக்கிற 1 கோடியே 70 லட்சம் ஆஷ் மரங்களுக்கு மருந்து வெக்க, வெட்ட, வேற மரம் நட மட்டும் 1,070 கோடி டாலர் ஆகும்னு கணக்குப் போட்டுது. இது காட்டுல செத்த மரத்தச் சேக்காத கணக்கு. 2011-ல வந்த இன்னொரு ஆய்வுதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது: பட்டை, கட்டை துளைக்கிற வெளிநாட்டுப் பூச்சிங்களால வருஷத்துக்கு உள்ளாட்சிங்களுக்கு 170 கோடி டாலர் செலவு, வீட்டுக்காரங்களுக்கு வீட்டு மதிப்புல கிட்டத்தட்ட 83 கோடி நஷ்டம், அதோட ஒப்பிட்டா மரவியாபாரத்துல வர்ற நஷ்டம் சின்னது. காட்டுப் பூச்சின்னு பேரு இருந்தாலும் காசு போறது தெருவுல குடியிருக்கிறவன் பாக்கெட்ல இருந்துதான். சரக்க இறக்குமதி பண்ணினவன் பாக்கெட்ல இருந்து ஒரு டாலர் போகல. எனக்குக் கோபம் வர்ற இடமே இதுதான்.

சரி, வெட்டுறதா ஊசியா. ரெண்டு ஊர எடுத்துக்குவோம். மினியாபொலிஸ்ல 2010-ல வண்டு தெரிஞ்சுது, 2014-ல பார்க் போர்டு உக்காந்து பொது இடத்துல நிக்கிற சுமார் 40,000 ஆஷ் மரத்தையும் எட்டு வருஷத்துல எடுத்துட்டு வேற மரம் நடறதுன்னு திட்டம் போட்டாங்க. செத்த மரம், நல்லா இருக்கிற மரம்னு பேதமே இல்ல, எல்லாத்தையும் எடுக்கிறது. மில்வாக்கி நேர் எதிர். ஊருக்குள்ள வண்டு வர்றதுக்கு முன்னாடியே, 2009-லயே, கிட்டத்தட்ட 28,000 தெரு மரத்துக்கு ஊசி போட ஆரம்பிச்சாங்க, வருஷத்துக்குப் பாதி பாதியா. எங்க ஊர்ங்கிறதுக்காகச் சொல்லல, ஆகஸ்ட்ல அந்தத் தெருவுல நடந்து பாத்தா வித்தியாசம் தெரியும், ரெண்டு பக்கமும் கிளை மேல சேந்து பந்தல் போட்ட மாதிரி இருக்கும்.

ஆனா மினியாபொலிஸ்காரங்க முட்டாளும் இல்ல. வெட்டுறதுல ஒரு தடவ செலவோட முடிஞ்சுது, வேலைய எட்டு வருஷத்துக்குப் பிரிச்சதால பட்ஜெட் தாங்கும், கூடவே பல ஜாதி மரமா மாத்தி நட்டுக்கலாம். இதுல ஒரு பழைய காயம் இருக்கு. இந்த ஊர்கள்ல எல்லாம் முன்னாடி தெருவுக்குத் தெரு எல்ம் மரந்தான், டச்சு எல்ம் நோய் வந்து அது போனதும் அந்த இடத்துல அள்ளி அள்ளி நட்டது ஆஷ்தான். ஒரே ஜாதிய நட்டு ரெண்டாவது தடவ அடி வாங்குறாங்க. ஊசி போட்டுக் காப்பாத்துனா அதே ஒத்த ஜாதிக் கூட்டம் அப்படியே நிக்கும், அடுத்து வேற பூச்சி வந்தா கதை திரும்ப ஆரம்பிக்கும், இது ஊசிப் பக்கத்துல இருக்கிற நிஜமான ஓட்டை.

என் கணக்குக்கு வர்றேன். வெட்டி, கட்டைய எடுத்து, 350 டாலருக்கு ஒரு கன்னு வாங்கி நட்டா மொத்தம் 2,000. ஊசி வருஷத்துக்கு 120 விழுது, அப்ப 16, 17 வருஷத்துல ரெண்டும் சமமாயிடும், அதுக்கு மேல ஊசிதான் நஷ்டம். பேப்பர்ல அப்படித்தான். ஆனா புதுக் கன்னு இந்த மரம் குடுக்கிற நிழலக் குடுக்க இருபத்தஞ்சு முப்பது வருஷம் ஆகும், அது வரைக்கும் ஏசி பில்லு, மழைத்தண்ணி மண்ணுல இறங்காம சாக்கடைக்கு ஓடுறது, வீட்டு விலை, இதெல்லாம் எந்தக் கொட்டேஷன்லயும் எழுதியிருக்காது. அதுவும் போக, சுத்துவட்டாரத்துல ஆஷ் எல்லாம் செத்து வண்டுக்கூட்டம் குறைஞ்சப்புறம் மூணு வருஷத்துக்கு ஒரு ஊசி போதும்ங்கிறாங்க, அப்ப வருஷச் செலவு 80-ஆ இறங்கும். 2013-ல ஒரு ஆய்வு வந்துச்சு, வண்டு வந்து ஆஷ் மரம் போன மாவட்டங்கள்ல இதயநோய், மூச்சுநோய்ச் சாவு கூடியிருக்குன்னு, 15 மாநிலங்கள்ல சேத்து 21,000-க்கு மேல. அந்தச் சாவுக்கும் மரம் போனதுக்கும் இருக்கிற தொடர்பு புள்ளிவிவரத்துல தெரியறதுதான், இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனாலும் படிச்ச அன்னைக்குத் தூக்கம் வரல.

ஊசின்னா என்னன்னு பாக்காதவங்களுக்காக: மே கடைசில, இலை நல்லா விரிஞ்சப்புறம், ஒரு ஆள் வந்து மரத்தோட அடில மண்ண லேசா விலக்கிட்டு வேர் பிரியற இடத்துல சுத்திச் சின்னச் சின்னதா டிரில் போட்டு, ஒவ்வொரு ஓட்டைலயும் பிளாஸ்டிக் அடைப்பானத் தட்டி இறக்கி, அதுல குழாய மாட்டி மருந்த அழுத்தி உள்ள விடறாரு. மரம் தண்ணிய இழுக்கிற வேகத்துல மருந்து மேல ஏறிடும். அந்த மருந்து பேரு எமாமெக்டின் பென்சோயேட். அப்பாகிட்ட போன்ல சொன்னேன், அவரு பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போடறவரு, "அட, படைப்புழுவுக்கு நாங்க அடிக்கிற மருந்துடா அது, அங்க மரத்துக்கே ஊசி போடறாங்களா"ன்னு கேட்டாரு. ஒவ்வொரு தடவையும் மரத்துக்குப் புதுக் காயம்ங்கிறது உண்மை, ஆனா திடமான மரம் அத மூடிக்குது. மண்ணுல ஊத்துற இமிடாகுளோபிரிட் இதவிட மலிவு, நாமளே ஊத்திக்கலாம், ஆனா வருஷா வருஷம் ஊத்தணும், பெரிய மரத்துக்கு அவ்வளவா வேலை செய்யாது, பக்கத்துல பூச்செடி இருந்தா தேனீக்கும் ஆபத்து. அத நான் தொடவே இல்ல.

மூணாவதா ஒரு வழி இருக்கு, நிறைய பேர் எடுக்கிறதும் அதுதான்: சும்மா இருந்து பாக்கிறது. இருக்கிறதுலயே காசு கூட ஆகுறது இதுலதான். எங்க பக்கத்து வீட்டுக்காரரு "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு ரெண்டு வருஷம் விட்டாரு. செத்த ஆஷ் சீக்கிரமே மொறமொறன்னு ஆயிடும், கிளை சொல்லாமக் கொள்ளாம ஒடியும், அதனால ஏறி வெட்டுற ஆளுங்க ஏறவே மாட்டாங்க. கடைசில கிரேன் வந்துச்சு, எனக்குச் சொன்ன ரேட்டப் போல ரெண்டு மடங்குக்கு மேல குடுத்தாரு. கிளைப்பரப்புல 30 சதவீதத்துக்கு மேல காஞ்சுபோன மரத்துக்கு ஊசி போட்டுப் பெருசாப் பிரயோஜனம் இல்லங்கிறது பொதுவான ஆலோசனை. அந்த அளவத் தாண்டிட்டா, இல்ல மரம் சின்னதா இருந்தா, இல்ல கரண்ட் கம்பிக்கு அடில நின்னா, யோசிக்காம வெட்டிருங்க. பெருசா, திடமா, வீட்டுக்கு நிழலா நிக்குதுன்னா ஊசி போடுங்க. எதுவா இருந்தாலும் இந்த வருஷமே பண்ணுங்க.

காட்டுல ஊசிக்கு வழியே இல்ல, கோடிக்கணக்கான மரம். அங்க குளவிதான். இந்த வண்டோட சொந்த ஊர்ல இருந்து 2007-ல சைனாக் குளவி மூணு வகையக் கொண்டுவந்து விட்டாங்க, ஒண்ணு வண்டோட முட்டைக்குள்ள முட்டை வெக்கும், மத்தது புழுவப் பிடிக்கும். அதுல புழுவப் பிடிக்கிற டெட்ராஸ்டிக்கஸ்ங்கிற குளவிக்கு முட்டையிடுற ஊசி குட்டை, தடிச்ச பட்டைக்குள்ள எட்டாது, அதனால இளமரத்தத்தான் காப்பாத்தும், பெரிய மரத்துக்காக நீள ஊசி இருக்கிற ரஷ்யாக் குளவி ஒண்ண அப்புறமா சேத்தாங்க. இன்னைக்கு நிக்கிற பெருமரத்துக்கு இது உதவாது, அடுத்த தலைமுறைக் கன்னுகளுக்கான முதலீடு. 2021 ஜனவரில அமெரிக்க அரசு வண்டு இருக்கிற இடத்துல இருந்து ஆஷ் கட்டைய வெளிய கொண்டுபோகத் தடை போட்டிருந்த தேசிய குவாரன்டைனையே எடுத்துட்டு அந்தக் காச குளவிப் பக்கம் திருப்பிடுச்சு. அடுத்த வருஷமே ஓரிகன்ல வண்டு வந்துச்சு.

சுத்தமா ஒழிக்க முடியாதான்னா, வேற வண்டுல முடிஞ்சிருக்கு. ஆசிய நீளக்கொம்பு வண்டு சிகாகோவுல 1998-ல தெரிஞ்சுது, 1,500-க்கு மேல மரத்த வெட்டி 2008-ல ஒழிச்சுட்டதா அறிவிச்சாங்க. அது சோம்பேறி வண்டு, ரொம்ப தூரம் பறக்காது, சீக்கிரமே கண்ணுல பட்டுடுச்சு. ஆஷ் வண்டுக்கு கனடாவுல 10 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலத்துல ஆஷ் மரமே இல்லாம எடுத்துப் பாத்தாங்க, அதையும் தாண்டிடுச்சு.

இதுக்கெல்லாம் முன்னாடியே நிறுத்துற வழி பேலட்லதான் இருக்கு. 2002-ல ஒத்துக்கிட்ட உலக விதிப்படி ஏற்றுமதிக்குப் போற மரப்பெட்டியோட நடுக்கட்டை வரைக்கும் 56 டிகிரில 30 நிமிஷம் சூடேறணும், இல்லன்னா புகை போடணும். தூத்துக்குடில கன்டெய்னர் ஏத்துற இடத்துல பேலட் பாத்திருந்தீங்கன்னா கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை தெரியும், அது இதுதான். இதுல முதல்ல செலவுதான், ஆனா 2050 வரைக்கும் பாத்தா அமெரிக்காவுக்கு மட்டும் 1,170 கோடி டாலர் நிகர லாபம்னு ஒரு ஆய்வு சொல்லுது.

அந்த முத்திரை இல்லாம இன்னும் ஊர் ஊராப் போறது நாம கார் டிக்கில போடற விறகு. கோடைல கேம்பிங் போறவங்க தயவு செஞ்சு வீட்டுல வெட்டுன ஆஷ் விறக எடுத்துட்டுப் போகாதீங்க, போற இடத்துலயே ஒரு கட்டு வாங்கி அங்கயே எரிச்சு முடிச்சுட்டு வந்துடுங்க.