ஆரிஃபிஸ், வென்ச்சுரி, மின்காந்த மீட்டர்: எது எங்கே காலை வாரும்?

கேட்லாக்கைப் பார்த்தால் எல்லா ஃப்ளோ மீட்டரும் (குழாயில் ஓடும் திரவம், வாயுவின் ஓட்டத்தை அளக்கும் கருவி) ஒரு சதவீதத்துக்குள் அளந்துவிடும். குழாயில் மாட்டிய பிறகுதான் சாயம் வெளுக்கும்.

ஆரிஃபிஸ் தகட்டில் தொடங்கலாம். நடுவில் துளையிட்ட ஒரு தகடு, அதன் முன்னும் பின்னும் அழுத்தம் எடுக்கும் இணைப்புகள், அவ்வளவுதான். தண்ணீர், நீராவி, வாயு எல்லாவற்றுக்கும் சரிப்படும். ஐஎஸ்ஓ 5167 என்ற சர்வதேசத் தரநிலை சொல்கிற அளவுகளில் செய்து மாட்டினால் தனியாக கேலிபரேஷன்கூட (ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) வேண்டாம். இரு பக்க அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தை வைத்துத்தான் ஓட்டத்தைக் கணக்கிடுகிறோம், சிக்கல் அந்த வர்க்கமூலத்தில் இருக்கிறது. ஓட்டம் பத்தில் ஒன்றானால் அழுத்த வேறுபாடு நூறில் ஒன்றாகிவிடும். முழு ஓட்டத்துக்கு 100 மில்லிபார் என்று வைத்தால், அப்போது மிஞ்சுவது 1 மில்லிபார். அழுத்த வேறுபாட்டை அளந்து சிக்னலாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் முழு அளவில் 0.1% தவறினாலே அந்த இடத்தில் ஓட்டக் கணக்கு சுமார் 5% தவறும். முழு ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வரும் ரீடிங்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, துளையின் முன்விளிம்பு. அது மழுங்கினால் மீட்டர் குறைத்துக் காட்டும். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய தகட்டைத் திருப்பி மாட்டினாலும் இதே கதைதான். ரீடிங் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

வென்ச்சுரியும் அதே தத்துவம்தான், அதனால் வர்க்கமூலத் தொல்லையும் உண்டு. ஆனால் மெல்லக் குறுகி மெல்ல விரிவதால், இழந்த அழுத்தத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். ஆரிஃபிஸ் அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். பம்ப் இரவு பகலாக ஓடும் பெரிய குழாய்க்கு வென்ச்சுரி கட்டுப்படியாகும். சின்னக் குழாய்க்கு அத்தனை நீளமும் செலவும் வீண்.

தண்ணீர் என்றால் என் ஓட்டு மின்காந்த மீட்டருக்கு. காந்தப் புலத்தின் குறுக்கே ஓடும் தண்ணீரில் உண்டாகும் மின்னழுத்தத்தை அது அளக்கிறது. உள்ளே தடையே இல்லை, ஓட்டத்துக்கு நேர்விகிதத்தில் சிக்னல் வரும், சேறும் சகதியும்கூடப் பரவாயில்லை. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1832-இல் தேம்ஸ் ஆற்றில் இதே தத்துவத்தை முயன்று தோற்றார். ஆற்றில் தோற்றது குழாயில் ஜெயித்தது. ஆனால் திரவம் மின்சாரம் கடத்த வேண்டும். எண்ணெய்க்கு உதவாது. குழாய் அரைகுறையாக நிரம்பியிருந்தாலும் கணக்கு பொய்தான்.

குழாயை வெட்டாமல் வெளியே கட்டும் அல்ட்ராசோனிக் மீட்டர் (மீயொலியால் வேகத்தை அளப்பது), சோதித்துப் பார்க்க நல்லது. வேகத்தைக் குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கித்தான் அது ஓட்டத்தைச் சொல்லும். உள்விட்டத்தை 1% தப்பாகக் கொடுத்தால் பரப்பு 2% தப்பும். பழைய குழாயில் உள்ளே எவ்வளவு உப்பு படிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

காற்று டக்ட் வேறு உலகம். ஓட்டத்தை எதிர்நோக்கி வைத்து அழுத்தத்தால் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்துக்கே 15 பாஸ்கல், அதாவது 1.5 மி.மீ. தண்ணீர் உயரம்தான் கிடைக்கும். 2 மீட்டர் என்றால் 2.4 பாஸ்கல். அந்த வேகத்தில், சூடான கம்பியைக் காற்று குளிர்விப்பதை வைத்து வேகத்தை அளக்கும் ஹாட் ஒயர் அனிமோமீட்டர்தான் கைகொடுக்கும். எதை எடுத்தாலும் நடுவில் ஒரே புள்ளியில் அளக்காதீர்கள். அங்கே வேகம் சராசரியைவிட அதிகம்.

அப்புறம், மீட்டரைக் குறை சொல்லும் முன், அழுத்தத்தை டிரான்ஸ்மிட்டருக்குக் கொண்டுபோகும் சிறு குழாய்களான இம்பல்ஸ் குழாய்களைப் பாருங்கள். தண்ணீர் நிற்க வேண்டிய இரண்டு குழாய்களில் ஒன்றில் 10 செ.மீ. உயரத்துக்குக் காற்று அடைத்திருந்தாலே கிட்டத்தட்ட 10 மில்லிபார் பிழை. எந்த விலை கொடுத்த டிரான்ஸ்மிட்டரும் அதைக் கண்டுகொள்ளாது.