யார் காசு கொடுத்தார்கள்? அமெரிக்காவின் ஃபாரா தளம் – ஒரு மதிப்புரை

‘வெளிநாட்டு ஏஜென்ட்’ என்று செய்தியில் வந்தாலே நம் ஊர்த் தலைப்புகளில் ‘உளவாளி’யும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அமெரிக்க நீதித்துறையின் ஃபாரா (FARA – வெளிநாட்டு ஏஜென்ட்கள் பதிவுச் சட்டம்) தளத்தைத் திறப்பவர் அந்த எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இங்கே ஏஜென்ட் என்பது எல்.ஐ.சி. ஏஜென்ட் என்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பொருளில்தான்: இன்னொருவர் சொல்படி, அவர் சார்பில் பேசுகிறவர். அந்த இன்னொருவர் வெளிநாட்டு அரசாகவோ கட்சியாகவோ நிறுவனமாகவோ இருந்தால், பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜப்பானின் சுற்றுலா விளம்பர அலுவலகமும் இதே பதிவேட்டில்தான் இருக்கிறது.

நாஜிப் பிரசாரத்தைக் கண்டு பயந்து 1938-ல் போட்ட சட்டம். ஒப்பந்தம் ஆன 10 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவானவை எல்லாம் பொதுமக்கள் பார்வைக்கு வரும். தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டாம், தேடுவதற்குக் கட்டணமும் இல்லை.

‘பிரவுஸ் ஃபைலிங்ஸ்’ பகுதிக்குப் போனால் நாடு வாரியாகவும், பதிவுதாரர் பெயரிலும், ஆவணத்துக்குள் உள்ள சொல்லை வைத்தும் தேடலாம். நாட்டில் தொடங்குவது உத்தமம். பெயரில் தொடங்கினால் சுற்ற விட்டுவிடும். ரஷ்யாவின் ஆர்டி தொலைக்காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பரில் பதிவானது சேனல் அல்ல. அதற்கு வாஷிங்டனில் நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்த டி அண்ட் ஆர் புரொடக்‌ஷன்ஸ் என்ற கம்பெனி. பதிவெண் 6485. யாருக்காக என்ற இடத்தில் ஆர்டியை நடத்தும் ‘டிவி நோவஸ்தி’ அமைப்பின் பெயர் இருக்கும். ரஷ்ய அரசின் இன்னொரு ஊடகமான ஸ்புட்னிக்கும் அப்படித்தான், ஆர்ஐஏ குளோபல் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. பதிவெண் கிடைத்ததும் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பி.டி.எஃப். கோப்பின் பெயரும் அந்த எண்ணில் தொடங்கி, ஆவண வகை, தேதி என்று போகும். அந்தத் தேதி ஆவணம் தாக்கலான நாள். சம்பவம் நடந்த நாள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இனி எதைத் திறப்பது? ‘ஷார்ட் ஃபார்ம்’ தனிநபர்களுடையது, முதலில் தேவைப்படாது. ‘எக்ஸிபிட் ஏ’யில் காசு கொடுக்கும் வெளிநாட்டுத் தரப்பு யார், அது அரசின் பிடியில் இருக்கிறதா என்ற விவரம் இருக்கும். ‘எக்ஸிபிட் பி’தான் முக்கியம். எழுத்தில் போட்ட ஒப்பந்தம் இருந்தால் அதன் நகலையே அதோடு இணைக்க வேண்டும் என்பது விதி. 2025 ஏப்ரலில் வாஷிங்டன் இந்தியத் தூதரகம் எஸ்.ஹெச்.டபிள்யூ. பார்ட்னர்ஸ் என்ற லாபி நிறுவனத்தை (காசு வாங்கிக்கொண்டு அரசுத் தரப்பிடம் ஆதரவு திரட்டுவதுதான் லாபி) ஓராண்டுக்கு 18 லட்சம் டாலருக்கு, அதாவது மாதம் 1,50,000 டாலருக்கு, அமர்த்திய விவரம் இந்த வகைத் தாக்கலில்தான் வெளியே வந்தது. டெல்லியில் எந்த ஆர்.டி.ஐ. போட்டாலும் இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்குமா என்பது வேறு கதை.

அதற்கடுத்து ‘சப்ளிமென்டல் ஸ்டேட்மென்ட்’. வந்த பணம், போன பணம், யாரை எந்தத் தேதியில் போனிலோ நேரிலோ மின்னஞ்சலிலோ தொடர்புகொண்டார்கள், என்ன விஷயம் என்று வரிசையாக இருக்கும். ஊடக நம்பகத்தன்மையை எடை போட வருகிறவர் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கே. சீன அரசுத் தரப்பின் ஆங்கில நாளிதழான சைனா டெய்லி 1983 முதல் பதிவேட்டில் இருக்கிறது. அது 2020 ஜூனில் தாக்கல் செய்த கணக்கின்படி, 2016 நவம்பர் முதல் வாஷிங்டன் போஸ்ட்டுக்கு 46 லட்சம் டாலருக்கு மேலும், வால் ஸ்ட்ரீட் ஜர்னலுக்குக் கிட்டத்தட்ட 60 லட்சம் டாலரும் போயிருக்கிறது. ‘சைனா வாட்ச்’ என்ற பெயரில் செய்தி மாதிரியே அச்சான இணைப்புகள் நினைவிருக்கலாம். சீனாவின் செல்வாக்கைப் பற்றித் துப்புத் துலக்கி எழுதும் பத்திரிகைகளின் கல்லாவிலும் அந்தக் காசு விழுந்தது என்பதை எந்தத் தலையங்கத்தையும் விட இந்தக் கணக்குத் தாள் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் காசு வந்ததற்கு மட்டுமே அது சாட்சி. செய்தி வளைக்கப்பட்டதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டும்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை தாமதம். சப்ளிமென்டல் கணக்குக்குப் பதிவான நாளிலிருந்து ஆறாறு மாதமாக எண்ணுவார்கள். அது முடிந்தபின் தாக்கல் செய்ய இன்னும் 30 நாள். ஆக, கணக்குக் காலத்தின் முதல் நாளில் நடந்த சந்திப்பு ஏழு மாதம் கழித்துத்தான் கண்ணில் படலாம். ஒவ்வொருவருக்கும் தொடக்க நாள் வேறு என்பதால் இரண்டு நிறுவனங்களை ஒரே காலத்துக்கு ஒப்பிடுவதும் தலைவலி. பழைய ஆவணங்கள் ஸ்கேன் செய்த படங்கள். சொல் தேடலில் சிக்காததை ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள், கண்ணால் புரட்டுங்கள். மொத்தத் தரவை சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கலாம், நல்ல வசதிதான். ஆனால் அதில் பெயர், தேதி, இணைப்பு முகவரி போன்றவைதான். டாலர் கணக்கு பி.டி.எஃப்.புக்குள்ளேயே கிடக்கும்.

இரண்டாவது குறை பெரியது. விதிவிலக்குகள் வழியாக நிறைய நழுவுகிறது. வெளிநாட்டுத் தனியார் கம்பெனிக்காக லாபி செய்பவர், பலன் முக்கியமாக ஓர் அரசுக்கோ கட்சிக்கோ போகாதவரை, லாபியிங் சட்டத்தின் கீழ் பதிந்துவிட்டு இங்கே வராமல் இருக்கலாம். ஆகவே செனட்டின் லாபி பதிவேட்டையும் கூடவே தேட வேண்டும். அமெரிக்கர்களுக்கு 80 சதவீதமாவது சொந்தமாக இருந்து, வெளிநாட்டுப் பிடியிலும் இல்லாத செய்தி நிறுவனத்துக்கும் விலக்கு உண்டு.

மூன்றாவது, பதிவேட்டில் இருப்பதே பொய்யாக இருக்கலாம். இலங்கை அரசு போருக்குப் பிந்தைய தன் பெயரைச் சீர்செய்ய 2014-ல் இமாத் ஸுபேரி என்ற அமெரிக்கத் தொழிலதிபரை அமர்த்தியது. பேச்சு 85 லட்சம் டாலர்; கொடுத்தது 65 லட்சம். அதில் 56.5 லட்சத்துக்கும் மேல் தனக்கும் மனைவிக்குமாக அவர் திருப்பிக்கொண்டார் என்றது அரசுத் தரப்பு. ஃபாரா ஆவணத்தில் பொய் சொன்னது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்ட அவருக்கு 2021-ல் 12 ஆண்டு சிறை விதித்தார்கள். 2025 மே மாதம் டிரம்ப் அந்தத் தண்டனையைக் குறைத்தார். அந்த லாபியில் காசு எங்கே போனது என்று தேடும் ஈழத் தமிழ் வாசகர் பதிவேட்டோடு நின்றால் பாதிக் கதைதான் கிடைக்கும். நீதிமன்ற ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பதிவே செய்யாதவர்களை இந்தத் தளம் எப்படிக் காட்டும்? 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இயங்கிய ஒரு வீடியோ நிறுவனத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி டாலரை மறைமுகமாகச் செலுத்தியதாக ஆர்டி ஊழியர்கள் இருவர் மீது வழக்குப் போட்டார்கள். பதிவேட்டில் அதன் சுவடு கிடையாது. குற்றப்பத்திரிகை வந்த பிறகே விஷயம் தெரிந்தது. 2018-ல் அமெரிக்காவில் கைதான ரஷ்யப் பெண் மரியா புட்டினாவின் வழக்கும் ஃபாரா வழக்கு அல்ல. அது, அரசுக்குத் தெரிவிக்காமல் வெளிநாட்டு அரசின் ஏஜென்டாகச் செயல்படுவதைக் குற்றமாக்கும் 951 என்ற வேறு பிரிவு. அதற்கு இதுபோல் பொதுத் தேடல் எதுவும் கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதும் செய்தியைக் கண்டால் அடுத்த பத்தியையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

சட்டத்தின் பல் எப்போதுமே கொஞ்சம் ஆட்டம்தான். 1966 முதல் 2015 வரை ஃபாராவில் போட்ட குற்ற வழக்குகள் மொத்தம் ஏழு. பிறகு வேகம் பிடித்தது. 2025 பிப்ரவரியில் அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி, வழக்கமான உளவு வேலையை ஒத்த செயல்களுக்கு மட்டுமே இனிக் குற்ற வழக்கு என்று சுருக்கிவிட்டார். எதிர்த் திசையில் இதே சட்டத்தைச் சாக்காக வைத்தவர்களும் உண்டு: ஆர்டி பதிவான அதே மாதத்தில், பதிலடி என்று சொல்லியே, வெளிநாட்டு ஊடகங்களை ‘ஏஜென்ட்’ ஆக்கும் சட்டத்தை ரஷ்யா கொண்டுவந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். தேடல் பெட்டிக்கு இரண்டு, எக்ஸிபிட் பி-க்கு ஐந்து. இங்கிருந்து எடுத்து எழுதும்போது பதிவெண், ஆவண வகை, தேதி மூன்றையும் குறிப்பிடுங்கள்; பி.டி.எஃப்.பை இறக்கியும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ‘அமென்ட்மென்ட்’ (திருத்தம்) தாக்கலாகித் தொகை மாறியிருக்கலாம், எழுதி முடித்ததும் அதே எண்ணை இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள்.