பட்லியாவுடன் 9 ஆண்டுகள்: ஒரு வண்ணத்துப்பூச்சிப் புதரை வளர்த்துக் கண்டவை

என் தோட்டத்து வேலியோரம் நிற்கும் பட்லியா செடிக்கு இந்தப் பருவத்தோடு 9 வயது நிறைகிறது. வண்ணத்துப்பூச்சிப் புதர் என்று பரவலாக அறியப்படும் இச்செடியை முழங்கால் உயரக் கன்றாக நட்ட நாள் முதல், எப்போது கவாத்து செய்தேன் (கிளைகளை வெட்டிவிட்டேன்), முதல் பூ எப்போது வந்தது, எந்த வாரத்தில் வண்ணத்துப்பூச்சிகள் மிகுந்தன என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். முதல் இரண்டு ஆண்டு அனுபவத்தோடு எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகவே முடிந்திருக்கும். இச்செடி தரும் மகிழ்ச்சியும் அது கேட்கும் பொறுப்பும் எவ்வளவு பெரியவை என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

பட்லியா என்பது தனியொரு செடியின் பெயர் அன்று. பல இனங்களை உள்ளடக்கிய ஒரு பேரினத்தின் பெயர். 1715ஆம் ஆண்டில் மறைந்த ஆடம் பட்டில் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. வீட்டுத் தோட்டங்களில் மிகுதியாக வளர்க்கப்படுவது பட்லியா டேவிடி என்னும் சீனத்து இனம். 1869ஆம் ஆண்டில் அதைச் சீனாவில் கண்ட பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட்டின் பெயர் அதில் இருக்கிறது. இந்த இனம் தன் சொந்த மண்ணில் ஆற்றோரச் சரளையிலும் மலைச்சரிவுகளிலும் வளர்வது. மேல்மண் அரித்துப்போன இடம், வெள்ளம் வந்து கிளைகளை ஒடித்துப் போடும் இடம், கல்லிடுக்கு ஆகியவையே அதற்குப் பழக்கமான சூழல். தோட்டத்தில் இச்செடி நடந்துகொள்ளும் விதம் அனைத்துக்கும், அதன் நன்மைக்கும் தொல்லைக்கும், அந்த ஆற்றோர வாழ்க்கையே காரணம் என்று நான் நம்புகிறேன்.

முதலாம் ஆண்டில் நான் இரண்டு கன்றுகளை நட்டேன். ஒன்று வேலியோரம், சற்று மேடான, கல் கலந்த மண்ணில். மற்றொன்று தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், கறுத்த வளமான மண்ணில். வளமான மண்ணில் நட்டதே முந்தி வளரும் என்று எண்ணியிருந்தேன். தொடர்மழை பெய்த ஒரு மாதத்துக்குப் பின் அதன் இலைகள் மண் ஈரமாக இருக்கும்போதே தொங்கத் தொடங்கின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன், அது பெரும் பிழை. இரண்டு வாரத்தில் செடி பட்டுப்போனது. பிடுங்கிப் பார்த்தபோது வேரின் மேல்தோல் விரலோடு உறைபோல உருவி வந்தது. உள்ளே நார் மட்டும் பழுப்பு நிறத்தில் எஞ்சியிருக்க, தேங்கிய குட்டையின் நாற்றம் அடித்தது. வேர் அழுகல் என்பது என்னவென்று அன்று கைப்பட அறிந்தேன். பட்லியா ஓரளவு வறட்சியைத் தாங்கும். வேரடியில் நீர் தேங்குவதைத் தாங்காது. ஆகவே குழி எடுத்ததும் அதில் நீரை நிரப்பிவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்ப்பது நல்லது. மறுநாளும் நீர் நின்றால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும், அல்லது மண்ணைக் குவித்து மேட்டுப்பாத்தி அமைத்து நட வேண்டும். நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் பூ குறைந்துவிடும். டேவிடி இனம் 2 முதல் 3 மீட்டர் வரை எளிதாக உயரும், அதே அளவு அகலத்துக்கும் பரவும் என்பதால் இரு செடிகளுக்கு இடையில் 2 மீட்டருக்குக் குறையாமல் இடம் விடுவது அவசியம்.

உரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டாம் ஆண்டில் தொழு உரம் தாராளமாக இட்டேன். செடி தழைத்துக் கொழித்தது, பூங்கொத்துகளோ சிறுத்தன. தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, கவாத்து முடிந்த கையோடு, இரண்டு கை மக்கு உரத்தைத் தூரைச் சுற்றித் தூவுவதோடு சரி. மண்ணை மூடும் இலைதழை மூடாக்கு இடும்போது அது தண்டைத் தொடாதபடி ஒரு சாண் விலக்கி இடுகிறேன். முதல் ஆண்டில் வேர் பிடிக்கும்வரை வாரம் இருமுறை ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும். அதன்பின் கடும் வறட்சியில் மட்டும் போதும்.

கவாத்து பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இச்செடியைக் கைவிடுவதற்குக் காரணம் அதைச் செய்யத் துணியாததுதான். முதல் இரண்டு பருவங்களில் நுனிகளை மட்டும் இலேசாகக் கிள்ளிவிட்டேன். செடி 3 மீட்டருக்கு மேல் எழும்பியது. அடிப்பகுதி வெறும் கட்டைகளாக நிற்க, பூக்கள் அனைத்தும் என் தலைக்கு மேலே மலர்ந்தன, காற்றடித்தபோது ஒரு கிளை பிளந்து தொங்கியது. டேவிடி இனம் புதுத்தளிரில்தான் பூக்கும். சென்ற ஆண்டின் கிளையை எவ்வளவு பேணினாலும் அதனால் பயனில்லை. இந்த ஆண்டு முளைக்கும் தளிரின் நுனியில்தான் பூங்கொத்து வரும். ஆகவே மூன்றாம் ஆண்டில், குளிர்காலம் முடிந்து கணுக்களில் மொட்டுகள் பருக்கத் தொடங்கிய சமயத்தில், செடி முழுவதையும் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். வெட்டி முடித்தபின் அங்கே செடி இருந்ததற்கு அடையாளமாக ஐந்தாறு முளைக்கட்டைகள்தாம் மிஞ்சின. மூன்று நாட்கள் மனம் ஆறவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒவ்வொரு கட்டையிலும், எதிரெதிராக அமைந்த கணுக்களிலிருந்து, சாம்பல் பூத்த இணைத்தளிர்கள் வெளிவந்தன. கோடையின் நடுவில் செடி என் உயரத்தை எட்டியது. பூங்கொத்துகள் கண்மட்டத்தில், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளத்துக்கு மலர்ந்தன. அன்று முதல் ஆண்டுதோறும் இப்படித்தான் செய்கிறேன். ஆற்றுவெள்ளம் ஒடித்துப் போட்டாலும் தூரிலிருந்து துளிர்த்துப் பழகிய செடிக்குக் கவாத்துக் கத்திரி புதிய துன்பம் அன்று.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. எல்லா பட்லியாவையும் இப்படி வெட்டிவிடக் கூடாது. தொங்கும் கிளைகளைக் கொண்ட ஆல்டர்னிஃபோலியா, ஆரஞ்சு நிறப் பந்துகளாகப் பூக்கும் குளோபோசா ஆகிய இனங்கள் முந்தைய ஆண்டின் கிளையில் பூப்பவை. அவற்றைப் பூத்து ஓய்ந்த பிறகே கவாத்து செய்ய வேண்டும். குளிர்காலம் தெளிவாக வந்துபோகாத வெப்பமான இடங்களில் இருப்பவர்களுக்கு, மணமுள்ள வெண்ணிறப் பூக்களைத் தரும் ஆசியாட்டிகா என்னும் இனம் டேவிடியைவிட ஏற்றது. கன்று வாங்கும்போது நிறத்தைக் கேட்பதற்கு முன் இனத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பூவை ஒருமுறை பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். தூரத்தில் ஒரே கூம்பாகத் தெரியும் பூங்கொத்து, நூற்றுக்கணக்கான தனிப்பூக்களால் ஆனது. ஒவ்வொரு பூவும் சுமார் 1 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குழல். அதன் வாயில் நான்கு இதழ்மடல்கள். நடுவில், தேன் இருக்கும் இடத்தைக் காட்டுவதுபோல் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. அந்தக் குழலின் அடியை எட்டுவதற்கு வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழல் பொருத்தமாக அமைந்திருக்கிறது. ஒரு வண்ணத்துப்பூச்சி கொத்தின் அடியில் அமர்ந்து, சுருளை நீட்டி ஒரு பூவில் நுழைத்து, ஓரிரு நொடியில் எடுத்து, காலால் சற்றே நகர்ந்து அடுத்த பூவில் நுழைத்து, இப்படியே கொத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுவதை நான் 12 நிமிடங்கள் அசையாமல் நின்று பார்த்திருக்கிறேன். முற்பகல் வெயிலில் வருகை மிகுதி. இருட்டிய பின்னும் செடி ஓய்வதில்லை. தேன்மணம் மாலையில் கூடும்போது பருந்து அந்துப்பூச்சிகள் வந்து, அமராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கின்றன.

அடர்ந்த ஊதா நிறமுள்ள பிளாக் நைட், வெள்ளையான ஒயிட் புரொஃப்யூஷன் ஆகிய இரண்டு பெயர்பெற்ற வகைகளையும் இடையில் வளர்த்துப் பார்த்தேன். மனித கண்ணுக்குக் கருஊதா அழகு. வெள்ளைக் கொத்தோ வாடும்போது பழுப்பேறிய கந்தல்போல் தெரியும், அடிக்கடி கிள்ளிவிட வேண்டியிருக்கும்.

இனி, மூன்றாம் ஆண்டின் இறுதியில் என்னை உலுக்கிய செய்தி. வீட்டின் பின்புறச் சுவர் விரிசலில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், அடிப்புறம் வெண்பஞ்சு படிந்த ஈட்டி வடிவ இலைகளோடு ஒரு நாற்று நின்றது. நடைபாதைக் கற்களுக்கு இடையில் மேலும் ஏழு, கூரை நீர்வடியும் குழாயருகே ஒன்று. எல்லாம் பட்லியா. காய்ந்த பூங்கொத்து ஒன்றை ஒடித்து வெள்ளைத்தாளின்மேல் தட்டினேன். பொடியை ஒத்த விதைகள் உதிர்ந்தன, மூச்சுவிட்டதும் பறந்தன. ஒரு முதிர்ந்த செடி ஒரே பருவத்தில் இலட்சக்கணக்கான விதைகளைத் தரும். இறக்கை போன்ற விளிம்பால் காற்று அவற்றை வெகுதூரம் கொண்டுபோகும். கல்லிடுக்கில் முளைத்துப் பழகிய செடிக்குச் சுவரும் இரயில் பாதையும் ஆற்றோரம்தான். இலண்டனில் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இடிந்த இடங்களை இச்செடி மூடிப் படர்ந்தது. நியூசிலாந்தின் ஆற்றுப்படுகைகளில் உள்நாட்டுச் செடிகளை நெருக்குகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இதைத் தீங்கு தரும் களை என்று பட்டியலிட்டு, விதை பிடிக்காத வகைகளை மட்டுமே விற்க விடுகிறது. என் வேலிக்குள் நான் நட்ட ஒரு செடியால் வேலிக்கு வெளியே உள்ள நிலத்துக்குக் கேடு வரக் கூடாது என்று அன்று முடிவெடுத்தேன்.

அதன்பின், பூக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை, கொத்தின் நிறம் மங்கியதும், அதன் கீழுள்ள முதல் இலையிணைக்கு மேலே வெட்டி எடுக்கிறேன். ஒரு செடிக்கு இருபது நிமிடம் பிடிக்கிறது. அந்த இலையிணையின் கணுக்களிலிருந்து பக்கத்தளிர்கள் வந்து மீண்டும் பூப்பதால், பூக்காலம் பல வாரங்கள் நீள்வது இதன் கூடுதல் பயன். வெட்டிய கொத்துகளை மக்குக் குழியில் போடுவதில்லை. இதற்கு நேரம் ஒதுக்க இயலாதவர்கள் விதை பிடிக்காத குட்டை வகைகளை நாடுவதே முறை. நான் ஐந்தாம் ஆண்டு முதல் பெரிய தொட்டியொன்றில் ப்ளூ சிப் என்னும் வகையை வளர்க்கிறேன். அது ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை, இதுவரை ஒரு நாற்றும் தென்படவில்லை, வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன. உங்கள் பகுதியில் இச்செடி களையாக அறிவிக்கப்பட்டிருந்தால் நடவே நடாதீர்கள்.

ஆறாம் ஆண்டில் ஒரு கேள்வி எழுந்தது: இத்தனை வண்ணத்துப்பூச்சிகள் வந்தும் ஒரு புழுவைக்கூட நான் ஏன் காணவில்லை? விடை எளிது. பட்லியா தருவது தேன் மட்டுமே. பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகள் தத்தமக்கு உரிய செடிகளில்தான் முட்டையிடும். அவற்றின் புழுக்களுக்கு பட்லியா இலை உணவாகாது. எலுமிச்சை இனத்துச் செடிகளில் முட்டையிடுவன உண்டு, எருக்கு இனத்தையே நாடுவன உண்டு. அவை எதுவும் இல்லாத தோட்டத்தில் பட்லியா ஒரு வழிப்போக்கர் சத்திரம், வண்ணத்துப்பூச்சிகள் உண்டுவிட்டுப் போய்விடும். எலுமிச்சைக் கன்று ஒன்றை நட்ட அடுத்த பருவத்தில், பறவை எச்சத்தைப்போல் தோற்றமளிக்கும் இளம்புழுக்களை அதன் கொழுந்தில் கண்டேன். அவை இலையைத் தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூச்சித்தொல்லை பெரிதாக இல்லை. வறண்ட வெப்பத்தில் செம்பேன் வந்து இலைகள் வெளிறும். இலையின் அடிப்புறத்தில் படும்படி நீரை வேகமாகத் தெளித்தால் அடங்கிவிடும். பூச்சிக்கொல்லி மட்டும் வேண்டவே வேண்டாம். செடிக்குள் ஊடுருவும் மருந்துகள் தேனுக்கும் போய்ச் சேரும், அதைக் குடிக்க வருபவை நாம் அழைத்த விருந்தினர்கள்.

இப்போது என் முதல் செடியின் தூரில் ஒருபக்கம் உளுத்துப் போயிருக்கிறது. இந்த ஆண்டு மறுபக்கத்திலிருந்து மட்டும் நான்கு தளிர்கள் வந்தன. சென்ற கோடையில், பூக்காத பக்கக்கிளைகளிலிருந்து ஒரு சாணுக்குக் குறைவான போத்துகளை வெட்டி, கீழிலைகளை நீக்கி, மணல் கலந்த கலவையில் ஊன்றினேன். நான்கு வாரத்தில் ஆறில் ஐந்து வேர் பிடித்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன். பழைய தூரைத் தோண்டியெடுத்துவிட்டு, அந்தக் குழிக்கு அருகில், அதே கல்மண்ணில், அடுத்த கவாத்துக் காலத்தில் அதை நடுவதாக இருக்கிறேன்.