கல் மோதிரம் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 62,000 ரூபாய் போச்சு

காரைக்குடிப் பக்கம் நிச்சயத்துக்கு வைரத்துக்குப் பதிலாகக் கல் மோதிரம் பார்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். எங்கள் மோதிரக் கல்லைச் சோதித்த சென்னைப் பரிசோதனைக் கூடத்து ரிப்போர்ட் நேற்றுத்தான் கைக்கு வந்தது. வயிறு எரிகிறது.

தம்பிக்குப் பேசி முடித்தோம். மோதிரம் மாற்றுவதெல்லாம் எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்தில் இல்லாதது, இப்போது பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பெண் வைரம் வேண்டாம் என்றாள். தோடும் மூக்குத்தியும் எப்படியும் வைரத்தில் வரும், விரலில் சிவப்பு இருக்கட்டும் என்றாள். அவளுடைய ஆயாவிடம், அதாவது அம்மாவைப் பெற்றவரிடம், ரங்கூனிலிருந்து வந்த ஒற்றைச் சிவப்புக்கல் மோதிரம் ஒன்று உண்டு, அதைப் பார்த்தே வளர்ந்தவள். நல்ல ஆசைதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். கல்லின் கடினத்தைச் சொல்கிற மோஸ் அளவில் மாணிக்கமும் நீலமும் 9, வைரம் 10. தினமும் போட்டுப் புழங்கலாம். மரகதம்தான் பார்த்துப் போட வேண்டும். கல்லில் குற்றம் ஒன்றும் இல்லை, விற்றவனிடம்தான்.

கடை பெயரைச் சொல்லவில்லை. ஏசி போட்ட புது ஷோரூம், கல் நகைக்கென்று தனி மாடி, வாசலில் கோலம், உட்கார்ந்ததும் காபி. கவுண்டரில் இருந்த பையன் ஊரை விசாரித்தான், கோயிலை விசாரித்தான். “உங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனவங்கதானே ஆச்சி? அப்ப உங்களுக்கு நான் கல்லைப் பத்திச் சொல்லணுமா?” என்றான். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, போனது உண்மை. எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, அங்கேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அந்தப் பையன் ஒரு சின்ன டார்ச்சை எடுத்தான், ஊதா வெளிச்சம் வருவது. கல்லின் மேல் அடித்ததும் தணல் மாதிரி சிவந்தது. “பர்மா கல்லுதான் இப்படி எரியும், மொகோக் சுரங்கத்து மால்” என்று சொல்லிக் கல்லைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தான். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கம் தனி, கல்லுக்கு மட்டும் 62,000 ரூபாய். “நேச்சுரல் ரூபி” என்று அச்சடித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றும் கொடுத்தான்.

அந்த டார்ச் வித்தையை இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாணிக்கத்தில் இருக்கிற குரோமியம்தான் அப்படி ஒளிர்கிறது. தொழிற்சாலையில் உருக்கி எடுத்த செயற்கை மாணிக்கமும் அதே மாதிரி எரியும். மலிவான கல்லிலும் குரோமியம் இருக்கும். பர்மா என்பதற்கு அது சாட்சியே இல்லை.

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. பிறகு ஒரு விசேஷத்துக்காகப் பெண்ணின் ஆத்தா தன் வீட்டு நகைகளோடு இந்த மோதிரத்தையும் எலுமிச்சைச் சாற்றில் ராத்திரி ஊறப்போட்டிருக்கிறார். அதே கிண்ணத்தில் ஆயாவின் ரங்கூன் மோதிரமும் இருந்தது. காலையில் எடுத்தால் ஆயா மோதிரம் பளபளவென்று இருக்கிறது, எங்கள் கல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கோடு. அந்தப் பெண் அழுதுகொண்டே போன் பண்ணினாள். சம்பந்தி வீட்டு முகத்தில் நாங்கள் எப்படி விழிப்பது?

எங்கள் ஆசாரி லென்ஸ் வைத்துப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். “ஆச்சி, உள்ளே குமிழி தெரியுது. சாய்ச்சா நீலமா மின்னுது பாருங்க. இது கண்ணாடி ஏத்துன கல்லு.” வெடிப்பு நிறைந்த மட்டக் கல்லை எடுத்து, அதன் விரிசல்களில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கிப் பாய்ச்சிவிடுவார்களாம். பார்க்கத் தெளிவாகிவிடும். எலுமிச்சைப் புளிப்பு மாணிக்கத்தை ஒன்றும் செய்யாது, அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். நகையைப் பற்ற வைக்க நெருப்புக் காட்டினாலும் கெட்டுவிடும். காரட் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் என்றார். நாங்கள் கொடுத்தது 62,000. சென்னை ரிப்போர்ட்டும் அதையேதான் சொல்கிறது: ஈயக் கண்ணாடி நிரப்பிய கொரண்டம் (மாணிக்கத்தின் கனிமப் பெயர் அது).

கடைக்குப் போனால் அந்தப் பையன் வேறு கிளைக்கு மாறிவிட்டானாம். மேனேஜர் மதுரைக்குப் போயிருக்கிறாராம். ஒரு வழியாக மேனேஜர் வந்தார், காபி வரவில்லை. “எலுமிச்சையில யாரு போடச் சொன்னா? ஆசிட் பட்டா எந்தக் கல்லும் போகும்” என்றார். ஆயா மோதிரத்தைக் காட்டினேன், பதில் இல்லை. அப்புறம் “எல்லா ரூபியும் ட்ரீட்மென்ட்தான் மேடம்” என்றார். வாங்கும்போது ஆச்சி, இப்போது மேடம்! நிறம் தெளிய மாணிக்கத்தைச் சூடு பண்ணுவது காலங்காலமாக நடப்பது, வியாபாரத்தில் ஒத்துக்கொண்டது. கண்ணாடி பாய்ச்சுவதும் அதுவும் ஒன்றா? பில்லை நீட்டினேன். பார்த்தால் அதில் “ஸ்டோன் சார்ஜ் 62,000” என்றுதான் இருக்கிறது, ரூபி என்ற பேச்சே இல்லை. “நாங்க ரூபின்னு பில் போடலையே” என்றார் அந்த மனுஷர். அட்டை? “அது சப்ளையர் கொடுக்கறது.” கடைசியில் மோதிரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள், தங்கத்துக்கு மட்டும் மதிப்பு, கல்லுக்குச் சைபர். அறுபத்திரண்டாயிரத்துக்குச் சைபர்!

அவசரமாகச் சில விஷயம். ஹால்மார்க்கும், நகை ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணுமாக ஆறு இடத்தில் பொறிக்கிற அடையாளக் குறியான ஹெச்.யூ.ஐ.டி.யும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அதில் ஒரு பொறுப்பும் கிடையாது. பில்லில் கல்லின் பெயர், காரட் எடை, இயற்கையா செயற்கையா, என்ன ட்ரீட்மென்ட் என்பதெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பர்மா, சிலோன் என்று ஊர் சொல்லி விலை ஏற்றினால் அந்த ஊரும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும், கடை அட்டை செல்லாது. தனி லேபில் சோதித்த பிறகே கல்லைப் பதிக்கச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டேன். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. பில்லில் வெறும் “ஸ்டோன் சார்ஜ்” என்று வைத்துக்கொண்டு முழிக்கிறவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போடலாம்.