எலெக்ட்ரோடு தட்டில் கொலாஜன்: மெல்லிய பூச்சுக்கே என் ஓட்டு

செல்களின் மின் சிக்னலைப் பதிவு செய்யும் கண்ணாடி எலெக்ட்ரோடு தட்டுகளில், செல் ஒட்டுவதற்காக எலி வால் கொலாஜன் (டைப் 1 புரதம்) பூசிப் பெங்களூரு ஆய்வகத்தில் நெடுநாள் புழங்கியதில் உறுதியானது ஒன்று: சிக்னல் நிற்பதும் போவதும் பூச்சின் தடிமனில்தான் இருக்கிறது.

கரைசல் எளிது. ஒரு லிட்டர் நீரில் 1.15 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம் விட்டால் 0.02 நார்மல் (செறிவின் அளவு). அதில் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் கொலாஜன். வாங்கிய புட்டியில் கொலாஜன் 3 மி.கி./மி.லி. என்றால் 60 மடங்கு நீர்க்க வேண்டும். தட்டின் மேல் செல்களைச் சுற்றியுள்ள வளையத்தின் உள்விட்டம் 19 மி.மீ. என்றால் 300 மைக்ரோலிட்டர் போதும், சதுர செ.மீ.க்கு 5 மைக்ரோகிராம் வரும். அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்து, உறிஞ்சிவிட்டு, பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) மூன்று முறை அலசுங்கள். இதில் அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் அமிலமே செல்களைக் கொன்றுவிடும். உலர்த்தி வைப்பதானால் கடைசி அலசல் ஸ்டெரைல் நீரில் இருக்கட்டும்; இல்லையேல் எலெக்ட்ரோடு மேலேயே உப்புப் பூத்துவிடும்.

கரைசல் பரவாமல் துளித்துளியாகத் திரண்டால் கொலாஜனைக் குறை சொல்லாதீர்கள், தட்டுதான் நீரை ஒட்டவிடவில்லை. பூசுவதற்கு முன் ஒன்றிரண்டு நிமிடம் பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) கொடுத்து, அன்றைக்கே பூசிவிட வேண்டும். நாள் கடந்தால் பழைய குணம் திரும்பிவிடும்.

பூச்சாக இல்லாமல் கொலாஜனைக் கெட்டியாக இறுகவிட்டால் ஜெல். அது பலரையும் ஏமாற்றும். ஒரு மி.லி.க்கு (2 மி.கி./மி.லி.) கணக்கு: 3 மி.கி./மி.லி. கொலாஜன் 667, பத்து மடங்கு செறிவுள்ள பி.பி.எஸ். 100, ஸ்டெரைல் நீர் 218, ஒரு நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 15 மைக்ரோலிட்டர். கொலாஜனைக் கடைசியில் சேருங்கள். எல்லாம் ஐஸ் மேலேயே நடக்க வேண்டும். ஏப்ரலில் கரண்ட் போய் ஏசி நின்றால் டியூபிலேயே இறுகத் தொடங்கிவிடும். வோர்டெக்ஸ் கருவியில் சுழற்றிக் கலக்க வேண்டாம், குமிழி வந்தால் போகாது. திசுவுக்கு அடியில் ஜெல் போட்டால் செல் எலெக்ட்ரோடை விட்டு விலகி, ஸ்பைக் (செல்லின் மின் துடிப்பு) இரைச்சலில் அமுங்கிவிடும். அடியில் மெல்லிய பூச்சு, அதன் மேல் திசு, அதற்கும் மேல் ஜெல் என்பதே சரியான வரிசை. ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) மிகுந்த திசுவில் ஜெல் சுருங்கித் திசுவையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பூச்சுக்கு முன்னும் பின்னும் ஒரு கிலோஹெர்ட்ஸில் எலெக்ட்ரோடின் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) பாருங்கள். மெல்லிய பூச்சில் பெரிய மாற்றம் வராது. ஓரிரு எலெக்ட்ரோடுகளில் மட்டும் எகிறினால் முதலில் குமிழியைச் சந்தேகியுங்கள்.

முதுகு வேர் முடிச்சு நியூரான் (தண்டுவடத்தை ஒட்டிய உணர்வு நரம்புச் செல்), பிசி 12 (எலிக் கட்டியிலிருந்து வந்த செல் வகை) இரண்டும் கொலாஜனில் நன்றாகவே ஒட்டும். பெருமூளைப் புறணி நியூரான் அதில் மட்டும் வைத்தால் கொத்துக் கொத்தாகச் சேரும். செல்லை ஒட்டவைக்கும் பாலி-டி-லைசின் பூச்சு அடித்தளமாக அவசியம்.

கொலாஜன் புட்டியை உறையவிடாதீர்கள், 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். ஆட்டோகிளேவ் செய்தால் மிஞ்சுவது ஜெலட்டின்தான். பழைய பூச்சை நீக்க ஒரு சதவீத டெர்கசைமில் (நொதி கலந்த சோப்புத் தூள்) இரவு முழுக்க ஊறவிடுங்கள். பஞ்சால் தேய்க்க வேண்டாம். முதல் அலசலுக்குக்கூட போர்வெல் தண்ணீர் ஆகாது, சுண்ணாம்புக் கறை எலெக்ட்ரோடில் படிந்துவிடும்.