‘1921 தஞ்சாவூர் மிருதங்கம்’: 42,000 ரூபாய் போச்சு, உஷாரா இருங்க

பழம்பொருள் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில என் பையனுக்கு மிருதங்கம் வாங்கினேன். ‘1921, தஞ்சாவூர் வேலைப்பாடு, முழுசா புதுப்பிச்சது’ன்னு போட்டிருந்தான். 42,000 ரூபாய்.

தோலும் வாரும் புதுசுன்னு அவங்களே சொன்னாங்க. அது சரிதான், எந்த மூட்டும் (வாய்ல கட்டுற தோல்) நூறு வருஷம் தாங்காது. வயசு கட்டைக்குத்தானே? வீடியோ கால்ல கேட்டேன். அந்தத் தம்பி வாரை ஒதுக்கி, கட்டையில செதுக்கியிருந்ததை டார்ச் அடிச்சுக் காட்டினான். ஒரு பெயர், பக்கத்துல ‘பிள்ளை, தஞ்சை, 1921’. “வித்வான் வீட்டுப் பொருள் சார், குடுக்கவே மனசில்ல”ன்னான். அவன் குரல் தழுதழுத்துச்சுங்க! அப்பவே பணத்தை அனுப்பிட்டேன்.

வந்ததுல சுருதி நிக்கல. மிருதங்கம் கட்டுற அண்ணன்கிட்ட கொண்டுபோனேன். வாரை அவுத்து மூட்டைக் கழட்டி, வாய் விளிம்பை ஈரத்துணியால துடைச்சார். சாயம் மொத்தமும் துணியில. உள்ளே பளிச்னு மஞ்சள். பலாக்கட்டை புதுசுல மஞ்சளாத்தான் இருக்கும், வருஷம் ஏற ஏறத்தான் செம்பழுப்பாகும். விரிசல்ல மரத்தூளையும் பசையையும் குழைச்சு அப்பி, மேல சாயம் பூசியிருக்கானுங்க.

இதைவிடக் கொடுமை அந்தப் பெயர். ‘பிள்ளை’யில இருக்கிற ‘ளை’ இன்னிக்கு நாம எழுதுற ளை! 1921-ல யானைத் தும்பிக்கை மாதிரி சுழி போட்ட பழைய ளை இல்ல வரணும்? பெரியார் தன்னோட ‘குடி அரசு’ பத்திரிகையில எழுத்தை மாத்தினதே 1935-ல. அரசாணை 1978-ல.

போன் பண்ணா, “புதுப்பிக்கும்போது எழுத்தை மறுபடி செதுக்கினோம் சார்.” அப்போ மஞ்சள்? “ஓனர் வெளியூர்ல இருக்கார்.” அப்புறம் “பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, பில்லைப் பாருங்க.” பில்லுல பார்த்தா வெறும் ‘அலங்காரப் பொருள்’. 42,000 ரூபாய்க்கு அலங்காரப் பொருள்! இப்போ என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. வாங்குறதுக்கு முன்னாடி மூட்டைக் கழட்டிக் கட்டையோட உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா விட்டுடுங்க. விளிம்பை ஈரத்துணியால தேய்ங்க. பழைய எழுத்துன்னா லை, ளை, னை, றா எப்படி இருக்குன்னு பாருங்க. வருஷத்தையும் ஊரையும் பில்லுல எழுதி வாங்குங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்திருக்கேன். இதே மாதிரி ‘வித்வான் வீட்டுப் பொருள்’னு வேற யாராவது வாங்கியிருந்தா சொல்லுங்க, சேர்ந்தே புகார் குடுப்போம்.